குளிரைத் தாங்கிய செடி மழையில் ஏன் செத்தது?

குளிர்காலத்தில் ஒரு செடி செத்துப்போனால் எல்லாரும் முதலில் பழி போடுவது பனி மேல்தான். ஆனால் கடுங்குளிர் என்று சொல்லும்படி ஒன்றுமே வராமல், வாரக்கணக்கில் மழை மட்டும் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள், எதிர்பாராத இடங்களில் எல்லாம் இழப்பு இருக்கும், அதுவும் இதைவிட மோசமான பனியை முந்தைய வருஷங்களில் சாதாரணமாகத் தாண்டி வந்த செடிகளாகவே இருக்கும். பல வருஷம் நின்ற ரோஸ்மேரிப் புதர் ஒரு பக்கமிருந்து பழுப்பாகும். லாவெண்டர் வரிசையில் மூன்று போய் நடுவில் ஒன்று மட்டும் எதுவும் நடக்காத மாதிரி நிற்கும். செர்ரி மரம் மொட்டு விட்டு, பூத்து, இலையும் விட்ட பிறகு, வெயில் ஏறிய ஒரே வாரத்தில் தொங்கிப்போகும்.

இதில் பலருக்கும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. அந்தச் செடிகள் வசந்தத்தில் சாகவில்லை. அவற்றின் வேர் எப்போதோ, மண்ணுக்குள், யாரும் பார்க்காத நேரத்தில் செத்துவிட்டது, மேலே உள்ள பாகத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர இத்தனை நாளாகியிருக்கிறது. இது புரிந்துவிட்டால் அப்புறம் செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் தானாகவே விளங்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வேருக்கும் மூச்சு உண்டு

இலை ஆக்சிஜனை வெளியே விடும் என்று பள்ளியில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். வேர் இருட்டில் வாழ்கிறது, அதனால் சொந்தமாக உணவு தயாரிக்க முடியாது. இலை அனுப்பும் சர்க்கரையை வாங்கி, ஆக்சிஜனைக் கொண்டு எரித்து, அதில் வரும் ஆற்றலில்தான் அது வளர்கிறது, சத்துகளை உள்ளே இழுக்கிறது, தன்னைத் தாக்க வரும் கிருமிகளைத் தடுக்கிறது. அந்த ஆக்சிஜன் பெரும்பாலான தோட்டச் செடிகளில் இலையிலிருந்து கீழே வருவதில்லை, மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

நல்ல தோட்ட மண்ணை எடுத்துக்கொண்டால் அதன் கன அளவில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி இடுக்குகள். சாதாரண நாளில் அந்த இடுக்குகளில் சிறியவற்றில் தண்ணீரும் பெரியவற்றில் காற்றும் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் எல்லா இடுக்கும் நிறையும், மழை விட்டதும் பெரிய இடுக்குகளில் இருந்து தண்ணீர் கீழே இறங்கிவிடும், அதன் பின்னாலேயே மேலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். சிக்கல் எப்போது என்றால், தண்ணீர் இறங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால், அல்லது இறங்கவே வழியில்லாத களிமண்ணாக இருந்தால். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதாவது இடுக்குகள் தண்ணீரால் அடைபட்டுவிட்டால் மேலே எவ்வளவு காற்று இருந்தாலும் வேருக்குப் பயனில்லை. உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் வேரும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் போட்டி போட்டுத் தீர்த்துவிடும், மண் வெதுவெதுப்பாக இருந்தால் ஓரிரு நாளிலேயே.

அதன் பிறகு வேர் நொதித்தலுக்கு மாறுகிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல் ஆற்றலைச் செலவழிக்கும் நாணயம் மாதிரியான மூலக்கூறு) அளவுக்கு ஆற்றல் கிடைக்கும், இல்லாமல் நொதித்தால் கிடைப்பது வெறும் 2. சேமிப்பில் இருக்கும் சர்க்கரை வேகமாகக் கரைகிறது, எத்தனாலும் லாக்டிக் அமிலமும் சேர்கின்றன, வேரின் நுனிகளும் மெல்லிய சல்லிவேர்களும் முதலில் சாகின்றன. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேலையில் பெரும்பகுதி இந்தச் சல்லிவேர்களுடையதுதான். தடித்த வேர்கள் அப்படியே இருந்தாலும் இவை போன பிறகு செடி கிட்டத்தட்ட வாய் இழந்த மாதிரிதான்.

மண்ணிலும் மாற்றம் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி விடுகின்றன, வசந்தத்தில் இலைகள் வெளிறி மஞ்சளாக வருவதற்கு இது ஒரு காரணம். அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆகியவை கரையும் வடிவத்துக்கு மாறி வேரை நஞ்சாகத் தாக்கும் அளவுக்குச் சேரலாம். நீண்ட நாள் தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். ஒரு கை ஆழத்துக்குத் தோண்டி எடுத்த மண் அழுகிய முட்டை மாதிரி நாறினாலோ, பழுப்பு நிறத்துக்குப் பதிலாகச் சாம்பலும் நீலமும் கலந்த திட்டுகள் தெரிந்தாலோ, அங்கே காற்று போய் ரொம்ப நாளாகிறது என்று அர்த்தம்.

நெல் தண்ணீரிலேயே நிற்கிறதே என்று கேட்கத் தோன்றும், கேட்க வேண்டிய கேள்விதான். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போய்வர நீளமான உள் குழாய்கள் உண்டு, இலை வழியாக வரும் ஆக்சிஜன் அவற்றின் வழியே வேர் நுனி வரை இறங்குகிறது. அலையாத்தி மரங்களில் பல சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டி வைத்துக்கொள்கின்றன. வில்லோ மரம் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் புது வேர்களை விட்டுச் சமாளிக்கும். ரோஸ்மேரிக்கும் லாவெண்டருக்கும் செர்ரிக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

உடனே சாகாமல் ஏன் தாமதம்?

குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகத்தான் மூச்சு விடும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், பத்து டிகிரி இறங்கினால் பாதியாகக் குறையும். கோடையில் சில நாளிலேயே கொன்றுவிடக்கூடிய தேக்கத்தை அதே செடி உறக்கத்தில் இருக்கும் குளிர்காலத்தில் சில வாரங்கள் கூடத் தாங்குவது இதனால்தான். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் இரண்டு விஷயம் புரியும். கடுங்குளிரும் மழையும் சேர்ந்த குளிர்காலத்தைவிட, மிதமான வெப்பத்தோடு மழை கொட்டிய குளிர்காலம் வேருக்கு அதிக ஆபத்து. அதைவிட ஆபத்து குளிர்காலத்தின் கடைசியில், மண் சூடேறி வேர் விழித்துக்கொள்ளும் நேரத்திலும் தண்ணீர் வடியாமல் நிற்பது. நடுக்குளிரில் குளமாக நின்ற இடத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள், வசந்தத் தொடக்கத்தில் அதே இடம் இன்னும் சொதசொத என்று இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது.

அப்புறம் அந்த ஏமாற்றும் துளிர். இலையுதிர்க்கும் மரங்களில் வசந்தத்து இலைகளும் பூக்களும் போன வருஷமே மொட்டுக்குள் உருவாகி முடிந்தவை. அவை விரிவதற்கான சர்க்கரை தண்டிலும் கிளையிலும் சேமிப்பாக இருக்கும், கொஞ்சம் தண்ணீரும் மரக்கட்டைக்குள்ளேயே இருக்கும். அதனால் வேர் பெரும்பகுதி செத்த மரம் கூடப் பூத்து இலை விடும். இலைகள் முழு அளவுக்கு விரிந்து, வெயிலில் தண்ணீரை வெளியேற்ற ஆரம்பிக்கும் நாளில்தான் கீழேயிருந்து வருவதற்கு ஒன்றுமில்லை என்பது தெரியவருகிறது. துளிர் விட்டதை வைத்து வேர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பசுமைமாறாச் செடிகளில் இதற்கு நேரெதிரான ஏமாற்றம் உண்டு: இலை கெட்டியாக, தோல் மாதிரி இருப்பதால் வேர் போய் வெகுநாள் ஆன பிறகும் பச்சையாகவே தெரியும், கொஞ்சம் மங்கல் தட்டும், அவ்வளவுதான்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது என்றால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறைந்தவுடன் வேர்ச் செல்கள் தண்ணீரை உள்ளே விடும் வாயில்களை மூடிக்கொள்கின்றன, அதனால் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தில் தொங்கும். வாடலைப் பார்த்த மாத்திரத்தில் குழாயைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன் விரலை மண்ணுக்குள் நுழைத்துப் பார்ப்பது அந்தச் செடிக்குச் செய்யும் பெரிய உதவி.

நீந்தி வரும் எதிரி

மூச்சுத் திணறலோடு விஷயம் முடிவதில்லை. ஃபைட்டோப்தோரா என்ற பேரினத்தைச் சேர்ந்த நோய்க்கிருமிகள் ஈர மண்ணுக்காகவே காத்திருக்கின்றன. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இழைகளாக வளர்ந்தாலும் இவை பூஞ்சை இல்லை, பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவான இன்னொரு கூட்டம். செல் சுவர் கூட முக்கியமாக செல்லுலோஸால் ஆனது, அதனால் பூஞ்சைக்கென்று விற்கும் மருந்துகள் பல இவற்றிடம் பலிப்பதில்லை. இந்தப் பேரினத்தில் மிகவும் பெயர் கெட்ட ஒன்று, ஃபைட்டோப்தோரா சின்னமோமி, 1922இல் சுமத்ராவில் நோயுற்ற இலவங்கப்பட்டை மரங்களில் இருந்து பிரித்து விவரிக்கப்பட்டது. இன்று அது உலகம் முழுக்கப் பரவி ஆயிரக்கணக்கான தாவர இனங்களைத் தாக்குகிறது.

இதன் வித்துகளுக்கு வால் மாதிரி இரண்டு இழைகள் உண்டு, அவற்றை அசைத்துத் தண்ணீரில் நீந்தும். மண் இடுக்குகள் நிறைந்திருந்தால்தான் நீந்த வழி கிடைக்கும். போதாக்குறைக்கு, மூச்சுத் திணறும் வேர் வெளியே கசியவிடும் எத்தனாலும் அமினோ அமிலங்களும் அந்த வித்துகளை வாசனை காட்டி இழுக்கின்றன. எதிர்க்கச் சக்தியில்லாத நேரத்தில், தானே வழி காட்டி எதிரியை அழைத்துக்கொள்கிறது அந்த வேர். இப்படி ஒருமுறை வந்து சேர்ந்த கிருமியின் தடித்த சுவர் கொண்ட வித்துகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். செத்த செடியின் இடத்தில் அதே செடியை மறுபடி நட்டு, அதுவும் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

போனது ஏன் இது, பிழைத்தது ஏன் அது?

லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், தைம் எல்லாம் மத்தியதரைக் கடல் பக்கத்துக் கல்மேடுகளைச் சேர்ந்தவை. அங்கேயும் குளிர்காலத்தில்தான் மழை, ஆனால் பெய்த தண்ணீர் கல்லுக்கு நடுவில் நிற்காமல் ஓடிவிடும். வெள்ளி நிறத்தில் ரோமம் படர்ந்த இலைகள் வெயிலைத் தாங்க உருவானவை, அதே ரோமம் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு தூர்ப்பகுதியை அழுக விடும். உயர்ந்த மலைச் செடிகள் இன்னும் வேடிக்கையானவை, குளிர்காலம் முழுக்க உறைபனிக்கு அடியில் உலர்ந்தே தூங்கிப் பழகியவை, எவ்வளவு குளிரையும் தாங்கும், கழுத்தில் ஈரம் தங்குவதை மட்டும் தாங்காது. மரங்களில் செர்ரி, பிளம், பீச் குடும்பம் ரொம்ப மென்மை, யூ மரம் பெரிதாக வளர்ந்த பிறகும் நீர்த்தேக்கத்தில் பட்டென்று போகக்கூடியது. டூலிப் குமிழ்களும் மண்ணிலேயே விட்ட டாலியா கிழங்குகளும் அழுகுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு செடி எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும் எண், அது வடிகால் உள்ள மண்ணில் நிற்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அந்த நம்பிக்கையை அட்டை வெளியே சொல்வதில்லை.

ஒரே வரிசையில் ஒன்று பிழைத்து ஒன்று போவதற்குப் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் உயர வித்தியாசம் போதும். பக்கத்துச் செடியைவிடக் கொஞ்சம் ஆழமாக நட்டிருக்கலாம், கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழலாம், கட்டட வேலையில் கனமான வண்டி ஏறி இறுகிய அடிமண் அங்கே மட்டும் இருக்கலாம். இன்னொரு முக்கியமான காரணம், நம் நல்லெண்ணத்தால் வருவது. கெட்டிக் களிமண்ணில் குழி வெட்டி, அந்தக் குழியை மட்டும் நல்ல மக்கு உரத்தால் நிரப்பி நட்டால், அந்தக் குழி ஒரு வாளி மாதிரி ஆகிவிடும். பொலபொல மண் வழியாகத் தண்ணீர் சுலபமாக உள்ளே வரும், சுற்றியுள்ள களிமண் வழியாக வெளியே போகாது. வேர் அந்த வாளிக்குள்தான் இருக்கிறது.

செத்ததா, இல்லையா என்று எப்படிப் பார்ப்பது

அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். கிளை நுனியில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்று தூர் வரை இறங்கி வாருங்கள். மேலே காய்ந்து தூரில் பச்சை இருந்தால் அடியிலிருந்து துளிர்க்க நல்ல வாய்ப்பு உண்டு, ஃபியூஷியா மாதிரியான செடிகள் கோடை தொடக்கத்தில்தான் தலை காட்டும். மாறாக, கிளையில் இன்னும் பச்சை இருக்க, தூரை ஒட்டிப் பட்டைக்கு அடியில் மட்டும் செம்பழுப்புத் திட்டு மேல்நோக்கிக் குறுகி ஏறுகிறது என்றால் அது ஃபைட்டோப்தோராவின் அடையாளம், அந்தச் செடிக்கு நாள் எண்ண வேண்டியதுதான்.

வேரைப் பார்ப்பதுதான் உறுதியான வழி. செடியின் ஒரு ஓரத்தில் மட்டும் மண்ணைக் கவனமாக விலக்கி, பென்சிலைவிட மெல்லிய வேர் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். உயிருள்ள வேர் உறுதியாக இருக்கும், உடைத்தால் உள்ளே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். செத்த வேரை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்தால் வெளித்தோல் உறை மாதிரி வழுக்கிக்கொண்டு கழன்று வரும், உள்ளே நூல் போல நடு நரம்பு மட்டும் கையில் மிஞ்சும். ஒருமுறை இதை விரலில் உணர்ந்துவிட்டால் வேரழுகலைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வேறு யாரும் தேவைப்படாது.

பாதி வேர் மிஞ்சியிருக்கிறது என்றால் காப்பாற்ற முயலலாம். தூரைச் சுற்றிக் குவிந்த மூடாக்கையும் மண்ணையும் விலக்கிக் கழுத்துக்குக் காற்றுப் பட விடுங்கள். தேங்கிய தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். உரம் போடாதீர்கள், உறிஞ்ச வேர் இல்லாத செடிக்கு உப்பு சேர்ப்பதில் தீமைதான் அதிகம். ஈர மண்ணின் மேல் நடமாடாதீர்கள், ஒவ்வொரு மிதியிலும் மிச்சமிருக்கும் பெரிய இடுக்குகள் நசுங்கும். இதையெல்லாம் தாண்டிப் பிழைத்த செடிக்கு வரப்போகும் கோடையில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். முரணாகத் தெரியலாம், ஆனால் ஆழத்து வேர்கள் போய் மேல்மண்ணில் உள்ள கொஞ்ச வேரை வைத்துக்கொண்டு நிற்கும் செடிக்கு முதல் வறட்சியே எமன். கோடை நடுவில் காய்ந்து சாகும் எத்தனையோ செடிகள் உண்மையில் குளிர்கால மழையில் பாதி செத்தவை.

மறுபடி நடுவதற்கு முன்

சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் வடிகால் மோசம், அந்த இடத்தில் லாவெண்டருக்கும் செர்ரிக்கும் ஆசைப்பட வேண்டாம். 2.5 முதல் 7.5 வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும்.

மோசமான மண்ணைச் சரிசெய்ய மணல் கொட்டச் சொல்வார்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் மணல் துகள்களுக்கு நடுவில் களி அடைத்துக்கொள்ளும், முன்பைவிட இறுகினாலும் ஆச்சரியமில்லை, பலன் தெரிய வேண்டுமென்றால் மண்ணின் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் பாத்தி முழுக்க, குழிக்குள் மட்டும் இல்லாமல், மக்கு உரம் பரப்பி வந்தால் களித் துகள்கள் கூடிக் கட்டிகளாகி நடுவில் பெரிய இடுக்குகள் உண்டாகும். அது மெதுவான வழி. சீக்கிரம் பலன் வேண்டுமானால் உயரத்தை நம்புங்கள், 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்திய மேட்டுப்பாத்தியோ சாதாரண மண்மேடோ வேரின் முக்கியமான பகுதியைத் தேக்கத்துக்கு மேலே வைத்துவிடும். தொட்டிகளில் அடியில் ஓட்டுச்சில்லு, ஜல்லி போடும் பழக்கத்தை விட்டுவிடலாம், நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடுக்குள்ள ஜல்லிக்குள் சுலபமாக இறங்காது, ஜல்லிக்கு மேலேயே தங்கி ஈர அடுக்கை வேருக்குப் பக்கமாக உயர்த்திவிடும். தொட்டியின் ஓட்டை தரையோடு ஒட்டி அடைபடாமல் கீழே இரண்டு மூன்று துண்டுகள் வைத்து உயர்த்துவது மட்டும் உண்மையிலேயே உதவும்.

எப்படியும் தண்ணீர் நிற்கும் இடம் என்றால் அந்த இடத்தோடு சண்டை போடாமல் அங்கே பிழைப்பதை நடலாம், டாக்வுட், ஆல்டர், சதுப்பு சைப்ரஸ், ஈரம் விரும்பும் ஐரிஸ் வகைகள் எல்லாம் அப்படிப்பட்ட மண்ணில் நன்றாகவே வரும். வேரழுகல் வந்த இடத்தில் கிருமி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, மண்வெட்டியையும் செருப்பையும் நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள், ஒட்டிய சேறு வழியாகத்தான் அது இடம் மாறுகிறது.

உலர்ந்த மண் விரும்பும் செடிகளை மழைக்கு முன்னால் நடாமல் வசந்தத்தில் நடுங்கள், அடுத்த ஈரக் குளிர்காலம் வருவதற்குள் வேர் ஊன்ற ஒரு முழுக் கோடை கிடைக்கும். அதோடு கோடைக் கடைசியில் லாவெண்டரிலும் ரோஸ்மேரியிலும் நாலைந்து போத்து வெட்டி, கரடுமுரடான மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மழை படாத, வெளிச்சம் உள்ள ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் அடுத்த வசந்தத்தில் நடக் கன்று கையில் இருக்கும்.